பெஞ்சுக்கு எதைப் பூசுவது

ஒன்பதாவது சனிக்கிழமையும் பெஞ்சுக்காரர் சரியாகப் பதினோரு மணிக்குப் பெயிண்ட் கடைக்குள் நுழைந்தார். பிரஷ் பகுதியைக் கவனிக்கும் பிரஷ் அக்கா ரோலர்களை அடுக்கிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, பார்ப்பதற்கு வசதியான இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். கல்லாவில் இருந்த முதலாளி செய்தித்தாளைக் கண் மட்டத்துக்கு இறக்கினார். லேபிள் மட்டும் ஒன்றும் தெரியாதவளைப் போல ஒரு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்த டப்பாவை அவள் துடைப்பது இது நான்காவது தடவை.

"எட்டாவது நல்லா இருக்குங்க," என்றார் பெஞ்சுக்காரர், நோட்டைப் பிரித்தபடி. "ஆனா எட்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஏதாவது இருக்குமா?"

இருந்தது. பெயிண்ட் கடையில் எந்த இரண்டு டப்பாவுக்கு நடுவிலும் இன்னொரு டப்பா இருக்கத்தான் செய்கிறது. லேபிளின் பிரச்சினையே அதுதான்.

லேபிள் என்பது முதலாளி வைத்த பெயர். கடைக்கு வரும் எந்த டப்பாவையும் அதன் முதுகில் உள்ள பொடி எழுத்துகள் முழுவதையும் படிக்காமல் அவள் அலமாரியில் ஏற்ற மாட்டாள். படித்ததை மறக்கவும் மாட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. இதுவரை ஒருவருக்குக்கூடத் தவறான டப்பாவை விற்றதில்லை. ஒருமுறை, உள்சுவருக்கான பெயிண்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கப்போகிறேன் என்று சொன்ன ஒருவரின் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டு போனார். மறுவாரம் இனிப்போடு வந்தார். முதலாளிக்கு அவளால் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

அப்படிப்பட்டவள்தான் ஒன்பது வாரமாக, தெரிந்தே, மனதறிந்தே, ஒரு நல்ல மனிதரை அலையவிட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் சனிக்கிழமை அவர் வந்தபோது கையில் உள்ளங்கை அளவு தேக்குத் துண்டு ஒன்று இருந்தது. வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் போடுவதற்காக ஆறடி நீளத்தில் ஒரு பெஞ்சு செய்து வாங்கியிருக்கிறார்கள். மரம் இன்னும் பச்சையாக, மேலே ஒன்றும் பூசாமல் கிடக்கிறது. வெயிலும் மழையும் படும். எதைப் பூசலாம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல லேபிளுக்கு அரை நிமிடம் போதும். தேக்குக்கு எண்ணெய். மெல்லிசாக இரண்டு கோட்டு. மரம் குடித்தது போக மிச்சத்தைக் கால் மணி நேரத்தில் துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். வார்னிஷ் அடித்தால் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும்; இரண்டு கோடை போனால் மேல்தோல் வெடித்து உரியும். அதையெல்லாம் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் அந்த மரத்துண்டைக் கல்லா மேசையில் வைத்தார். வைத்த விதம் அவளுக்கு என்னவோ செய்தது. தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "எண்ணெய்னு சொல்றாங்க. வேற என்னெல்லாம் இருக்கு?" என்று கேட்டார்.

"நிறைய இருக்கு," என்றாள் லேபிள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "ஒவ்வொண்ணா பாத்துடலாம். வாரத்துக்கு ஒண்ணு."

பிரஷ் அக்காவின் கையிலிருந்து நான்கு அங்குல பிரஷ் ஒன்று கீழே விழுந்தது.

பாவம், அவருக்கு இது பொருத்தமான வைத்தியமாகவே பட்டது. அவர் தொழில் அப்படி. நான்கு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். காலையிலிருந்து மாலை வரை இருட்டறையில் நின்று, வந்தவர்களின் மூக்கில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா? ஒண்ணா, ரெண்டா? அவசரமே இல்ல, இன்னொரு தடவை காட்டுறேன்," என்று சொல்வதுதான் வேலை. ஊரையே தேர்ந்தெடுக்க வைக்கிறவருக்குத் தன் விஷயம் என்று வந்துவிட்டால் கை ஓடாது, கால் ஓடாது. ஒரு சட்டை எடுக்கப் போனால் கடையை அடைக்கிற நேரத்தில் வெறுங்கையோடு வெளியே வருவாராம். அவரே சொன்னதுதான். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அன்று இரவு லேபிள் வீட்டில் சோற்றில் மோர் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றினாள். அண்ணி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாராவாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி எதற்காக இஸ்திரிப் பெட்டி இவ்வளவு நேரம் சூடாக இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டாள்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ஒரு சின்ன சாம்பிள் டப்பா வாங்கிப்போவார். பெஞ்சின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் கட்டமாகப் பூசுவார், சோதனைக்கு ஒரு கட்டம். மேலே தண்ணீர் ஊற்றுவார், டீ ஊற்றுவார், வெயிலில் வைப்பார், நகத்தால் சுரண்டுவார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். அடுத்த சனிக்கிழமை வந்து அறிக்கை வாசிப்பார். லேபிள் அடுத்த டப்பாவை எடுத்து, அதன் முதுகைத் தூரத்தில் பிடித்துப் படித்துக் காட்டுவாள். மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் மரத்தைத் தவிர, பூச்சைத் தவிர, ஈரப்பதத்தைத் தவிர வேறு பேச்சு அநேகமாக இருந்ததில்லை. ஆனாலும் அவர் போனபிறகு கடையில் ஒரு டியூப்லைட் அணைந்த மாதிரி இருக்கும்.

பெஞ்சு முடிந்துவிட்டால் அவர் எதற்கு வருவார்? பெயிண்ட் கடைக்கு யாரும் சும்மா வருவதில்லை. அந்த ஒரு கேள்விதான் லேபிளை இப்படி ஆட்டிவைத்தது.

வினை, இந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை வந்தது. நெடுநெடுவென்று உயரமாக ஒரு பெரியவர் கடைக்குள் வந்து, கால்களை அகட்டி, எந்த நேரமும் தரை பிரேக் போடலாம் என்பதைப் போல நின்றார். பெஞ்சுக்காரரின் அப்பா. முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டார். பெரியவர் உட்காரவில்லை. பழக்கமில்லை என்றார். முப்பத்தைந்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அடுத்து உள்ளே வந்த இரண்டு வாடிக்கையாளர்களை அவர் தன்னை அறியாமலேயே, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க," என்று கடையின் கோடி வரைக்கும் அனுப்பிவைத்தார். அவர்களும் போய் நின்றுகொண்டார்கள்.

"எம் பையன் இங்கதான வாங்குறான்?" என்று ஆரம்பித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசையாம். உட்கார வேண்டும். வீட்டுக்குள் இல்லை, வெளியே, காற்றாட, நகராத ஏதாவது ஒன்றின் மேல். அதற்காகத்தான் பெஞ்சு. பையன் ஆசையாக, நானே பூச்சு பூசித் தருகிறேன் என்றான். முதலில் அடிப்பக்கம் சாம்பிள் போட்டான். அடிப்பக்கம் நிரம்பியதும் முதுகுப் பக்கம். இப்போது உட்காரும் பலகைக்கே வந்துவிட்டான். எப்போது உட்காரப் போனாலும், "அப்பா, காயுது," என்கிறான். வீட்டுக்காரம்மா இருந்திருந்தால் முதல் வாரமே இரண்டு சத்தம் போட்டு முடித்திருப்பாள்; அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்.

"தினம் சாயங்காலம் டீயை எடுத்துக்கிட்டுப் போறேன்மா. பெஞ்சுக்குப் பக்கத்துலயே நின்னு குடிச்சிட்டு வந்துடுறேன்," என்றார் கண்டக்டர்.

அதில் குறை சொல்கிற தொனியே இல்லை. அதுதான் லேபிளைக் கொன்றது. முப்பத்தைந்து வருடம் நின்ற மனிதரை இன்னும் எட்டு வாரம் நிற்க வைத்திருக்கிறாள், தான் ஒருத்தி சனிக்கிழமை தோறும் இருபது நிமிடம் சந்தோஷமாக இருப்பதற்காக.

"சொல்லும்மா, இதுல எதுதான் நல்லது?"

எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அதற்குள் பெஞ்சுக்காரர் மரத்துண்டை வைத்த விதம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. "எல்லாமே நல்ல பொருள்தாங்க," என்றாள் லேபிள். "ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு நல்லது இருக்கு."

கண்டக்டர் அதை மனதில் ஏற்றிக்கொண்டார். "எல்லாமே நல்லதுதானா," என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார். கடைக் கோடியில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களும் அதற்குப் பிறகுதான் திரும்பி வந்தார்கள்.

"நல்லா இருக்குடி உன் காதல்," என்றாள் பிரஷ் அக்கா. "பெஞ்சு முடியிறதுக்குள்ள அந்தப் பெரியவருக்கு முட்டி தேஞ்சிரும்."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மழை வேறு அடுத்த வாரம் தொடங்கிவிடும் என்றார்கள். ஒன்றும் பூசாத மரம் மழையில் ஊறினால் கறுத்துப்போகும், பாசி பிடிக்கும். அவர் வராமல் போனால் போகட்டும். எண்ணெய், இரண்டு கோட்டு, துடைக்கும் துணி. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரவு இஸ்திரி போட்டுக்கொண்டே அதை ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அதனால்தான் இந்த ஒன்பதாவது சனிக்கிழமை அவர் "எட்டுக்கும் மூணுக்கும் நடுவுல" என்று கேட்டதும், லேபிள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், உண்மையைச் சொல்லணும்னா," என்று தொடங்கினாள்.

அவர் உடனே பென்சிலைத் தயாராக எடுத்து, "சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்று ஆவலாகப் பார்த்தார்.

லேபிள் அவருக்கு ஒன்பதாவது சாம்பிள் டப்பாவை விற்றாள். மெழுகுக் கலவை.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கடைத் தொலைபேசி அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் புருவம் மேலே போனது. வாயைப் பொத்திக்கொண்டு ரிசீவரை லேபிளிடம் நீட்டினார்.

பெஞ்சுக்காரர்தான். நடந்தது இதுதான். அவர் ஒன்பதாவது டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்பா ஒரு வாளியை எடுத்து, ஒன்பது டப்பாவிலும் மிச்சமிருந்ததையெல்லாம் அதில் ஊற்றி, நன்றாகக் கலக்கி, பெஞ்சு முழுக்கப் பூசியிருக்கிறார். மூன்று மணி நேரம் பொறுத்து விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறார். காய்ந்த மாதிரிதான் இருந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறார். காற்று சுகமாக வந்திருக்கிறது, கண் அசந்துவிட்டார். இப்போது எழுந்திருக்க முடியவில்லை.

"ஒட்டிக்கிட்டாருங்க," என்றார் பெஞ்சுக்காரர்.

லேபிள் ஒரு பையில் டர்பன்டைன், சுரண்டும் தகடு, பழந்துணி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாள். முதலாளி ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். பிரஷ் அக்கா கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்தாள். ஒன்பது வாரமாகப் பார்த்துவருகிறவள். கடைசிக் காட்சியை விட்டுவிடுவாளா?

வீட்டுப் பின்பக்கம் சின்னத் தோட்டம். துணி காயப்போடும் கொடி, நான்கு பூந்தொட்டி, நடுவில் பெஞ்சு. பெஞ்சின் ஒரு கோடியில் கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பூச்சு வேலைக்கு அழுக்கானாலும் பரவாயில்லை என்று பழைய காக்கி யூனிபார்ம் பேண்ட்டைப் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த வாளிக்குள் திரிந்த பாலைப் போல ஏதோ ஒன்று கட்டி கட்டியாக மிதந்தது. பெஞ்சு என்ன நிறம் என்று சொல்ல லேபிளுக்குத் தெரிந்த நிற அட்டையில் எதுவும் இல்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பெஞ்சுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். ஏம்ப்பா இப்படிச் செய்தீர்கள் என்று பத்தாவது தடவையாகக் கேட்டார்.

"எல்லாமே நல்லதுன்னு இந்தப் பொண்ணுதான்டா சொல்லுச்சு," என்றார் கண்டக்டர். "ஸ்டாப்ல ஒம்பது பேரு நிக்கிறாங்க. ஒம்பது பேருமே நல்லவங்க. ஒருத்தரை ஏத்திக்கிட்டு எட்டுப் பேரை விட்டுட்டுப் போனா எப்படி? நான் முப்பத்தஞ்சு வருஷத்துல யாரையும் விட்டுட்டுப் போனதில்ல."

லேபிளுக்குத் தரையில் ஒரு பள்ளம் இருந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. "எந்திரிக்க முடியுதான்னு இன்னொரு தடவை பாருங்க," என்றாள்.

"எதுக்கு? இப்பதான உக்காந்திருக்கேன்."

அவர் எழுந்திருப்பதில் உண்மையாகவே அக்கறை காட்டவில்லை. பிரஷ் அக்கா போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவர் வாழ்நாளில் முதல்முறையாக வெளியே உட்கார்ந்து டீ குடித்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது லேபிளுக்கு அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

ஒட்டியிருப்பது அவர் இல்லை, பேண்ட்தான் என்று அவள் எடுத்துச் சொன்னாள். பேண்ட்டிலிருந்து அவரைக் கழற்றிவிட்டால் பிறகு பெஞ்சிலிருந்து பேண்ட்டைக் கழற்றிக்கொள்ளலாம். கண்டக்டர் பொம்பளைகள் முன்னால் முடியாது என்றார். சரி என்று போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையைக் கொடியில் மாட்டி, மறுமுனையைப் பிரஷ் அக்கா கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால், பேண்ட்டுக்கு எந்த மருந்தைப் போடுவது என்று தெரிய வேண்டும். ஒன்பது டப்பாவில் எது எவ்வளவு மிச்சமிருந்தது? தண்ணீரில் கரைவது அதிகமா, டர்பன்டைனில் கரைவது அதிகமா?

"நோட்ல இருக்குங்க," என்று பெஞ்சுக்காரர் நோட்டைக் கொடுத்தார்.

லேபிள் அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, இடது கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

*மூன்று. காய ஆறு மணி நேரம். நிறம் கொஞ்சம் சிவப்பு. டப்பாவை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார். இடது கண்ணைச் சுருக்குகிறார்.*

அவள் மறுபடியும் படித்தாள். டப்பா எப்படிக் கண்ணைச் சுருக்கும்? பக்கத்தைப் புரட்டினாள்.

*ஐந்து. தண்ணீர் பட்டால் வெளுக்கிறது. இன்று சுருக்கவில்லை. இந்தக் கம்பெனியில் எழுத்து பெரிசு.*

*ஏழு. வாசனை போக மூன்று நாள். தலைவலி என்றார். கண்ணாடி போடாததால்தான். எப்படிச் சொல்வது? தவறாக நினைத்துக்கொண்டால்?*

*எட்டு. பளபளப்பு அதிகம். சிரிக்கும்போது இரண்டு கண்ணும் மூடிக்கொள்கிறது. இதற்கும் பவருக்கும் சம்பந்தமில்லை.*

லேபிள் நோட்டை மூடினாள். காது மடல் வரைக்கும் சூடாக இருந்தது.

"இதென்ன இது?"

"அது... தொழில் புத்திங்க," என்றார் பெஞ்சுக்காரர். அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார் என்று தெரிந்தது. "எங்க போனாலும் கண்ணைத்தான் பாப்பேன். உங்களுக்குப் பக்கத்துல இருக்கிறது தெளிவாத் தெரியல. ஒன்பது வாரமா சொல்லணும்னு பாக்குறேன். பாருங்க, இப்பக்கூட சுருக்குனீங்க."

"எங்க கண்ணையும் பாத்தீங்களா சார்?" என்று போர்வைக்குப் பக்கத்திலிருந்து பிரஷ் அக்கா, கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எனக்கு என்ன பவர்?"

அவருக்குத் தெரியவில்லை. பிரஷ் அக்கா கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

வானத்தில் லேசாக ஓர் உறுமல் கேட்டது. இனிமேலும் சொல்லாமல் இருந்தால் மனுஷியே இல்லை என்று லேபிளுக்குத் தோன்றியது. இஸ்திரி போட்டபோது ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"எண்ணெய்தாங்க," என்றாள்.

"என்ன?"

"பெஞ்சுக்கு. எண்ணெய்தான். முதல் நாளே தெரியும்."

அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அப்ப மூணாவது?"

"சும்மா."

"அஞ்சு?"

"அதுவும் சும்மாதான்."

"எட்டு? எட்டுன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணியிருந்தேனே."

"எட்டு வீட்டுக்குள்ள போடுறதுங்க. வெளியில போடவே கூடாது."

பெஞ்சுக்காரர் நோட்டை மூடினார். முகத்தில் இருந்தது கோபமா, வருத்தமா, லேபிளால் சொல்ல முடியவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது, கலங்கிய கண்ணுக்கு எந்தப் பவரும் உதவாது. "ஏழு வருஷமா நீங்க யாருக்கும் தப்பா ஒண்ணு வித்ததில்லைன்னு முதலாளி சொன்னாரே," என்றார். "எனக்கு மட்டும் ஏங்க?"

"முடிச்சுட்டா நீங்க வர மாட்டீங்கன்னு."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய். உன் ஸ்டாப்பிங் வந்திருச்சு. எறங்கு."

அப்போதும் அவர் அப்படியேதான் நின்றார். சட்டைக் கடையில் நிற்கிற மாதிரி. லேபிளுக்குச் சட்டென்று அவர்மேல் இரக்கம் வந்தது. இருட்டறையில் வழி தெரியாமல் நிற்கிறவருக்கு வில்லை போட்டுக் காட்ட வேண்டியதுதான்.

"ஒண்ணு," என்றாள். "பெஞ்சுக்கு எண்ணெய் பூசி முடிச்சுடுவோம். அதுக்கப்புறம் நீங்க கடைப்பக்கம் வர வேண்டியதில்ல. ரெண்டு. பூசி முடிச்சுடுவோம். ஆனாலும் வருவீங்க. எது தெளிவா இருக்கு?"

"ரெண்டு," என்றார் பெஞ்சுக்காரர்.

"அவசரமே இல்ல. இன்னொரு தடவை காட்டட்டுமா?"

"வேணாங்க. ரெண்டு."

"இவன் பொறந்ததுலேர்ந்து இவ்வளவு சீக்கிரம் எதையும் சொன்னதில்லம்மா," என்றது போர்வை.

முதல் மழைத்துளி வாளியில் விழுந்தது. பிறகு நடந்தது யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. கண்டக்டர் போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு பேண்ட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் எழுந்த பிறகும் பேண்ட் கால் மேல் கால் போடாத குறையாக அப்படியே உட்கார்ந்திருந்தது. மழை வலுப்பதற்குள் பெஞ்சை உள்ளே தூக்கியாக வேண்டும். லேபிளும் பெஞ்சுக்காரரும் முன்பக்கம், பிரஷ் அக்கா பின்பக்கம். கண்டக்டர் கதவடியில் நின்றுகொண்டு, ஒரு கையால் போர்வையைப் பிடித்தபடி, மறுகையை ஆட்டி வழி காட்டினார். "ரைட்டு, ரைட்டு, வரலாம். ஹோல்டான். கொஞ்சம் பின்னாடி. ரைட்டு." பெஞ்சு தன் ஒரே பயணியோடு கூடத்துக்குள் வந்து நின்றது.

மூன்று நாள் மழை விடவில்லை. லேபிள் தினமும் சாயங்காலம் வந்து, எதை எங்கே எப்படிச் சுரண்ட வேண்டும் என்று காட்டினாள். பேண்ட்டை ஒருவழியாக உரித்தெடுத்தார்கள். சுரண்டித் தேய்க்கத் தேய்க்க ஒன்பது பூச்சும் போய்த் தேக்கு தன் முகத்தைக் காட்டியது. ஒரு கோடியில் மட்டும் காக்கித் துணியின் நெசவு வரி வரியாகப் பதிந்திருந்தது. அதைத் தேய்க்கப் போனபோது கண்டக்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். அது ரிசர்வ் சீட்டு; அப்படியே இருக்கட்டும் என்றார். அதன் மேலேயே எண்ணெய் பூசினார்கள். மெல்லிசாக இரண்டு கோட்டு. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று லேபிள் எச்சரித்ததால், பெஞ்சுக்காரர் அவற்றை ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் காயப்போட்டுக் காவலும் இருந்தார். வெள்ளிக்கிழமை பெஞ்சு தோட்டத்துக்குத் திரும்பியது. பேரனைப் பார்த்துவிட்டு அன்று மாலை வீடு திரும்பிய அம்மா, மரத்தில் பதிந்திருந்த பேண்ட்டின் உருவத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இரண்டு மாதம் வீட்டில் இல்லையென்றால் இதுதான் நடக்கும் என்றாள். பிறகு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உள்ள தள்ளி உக்காரு," என்றார் கண்டக்டர், பழக்க தோஷத்தில்.

இதற்கு நடுவில், புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், லேபிள் அந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையிலும் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றா இரண்டா என்று கேட்க வேண்டியவருக்கு எண்ணிக்கை மறந்துபோனதாகக் கேள்வி.

பத்தாவது சனிக்கிழமை, பதினோரு மணிக்குப் பெஞ்சுக்காரர் கடைக்குள் நுழைந்தார். கையில் மரத்துண்டு இல்லை, நோட்டும் இல்லை.

"என்ன சார் வேணும்?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் வேணாங்க."

முப்பது வருட வியாபாரத்தில் அப்படி ஒரு பதிலை முதலாளி கேட்டதில்லை. செய்தித்தாளை முழுவதுமாக மடித்துவைத்தார்.

பெஞ்சுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார். லேபிள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சோதித்துப் பார்க்க, பக்கத்தில் இருந்த எண்ணெய் டப்பாவைத் திருப்பி, மூக்குக்கு அருகில் பிடித்து, எந்தக் கண்ணையும் சுருக்காமல் படித்தாள். மிஞ்சிய எண்ணெயைக் கால் மணி நேரத்தில் துடைத்துவிடவும். மழைக்கு முன், வருடம் ஒருமுறை மீண்டும் பூசவும்.

"வருஷத்துக்கு ஒரு தடவைதானா?" என்று பெஞ்சுக்காரர் கவலையாகக் கேட்டார்.

லேபிள் நிமிர்ந்தாள். அவர் இடது புருவத்தில் ஒரு சொட்டு எண்ணெய் காய்ந்திருந்தது. எண்ணெய் பூசிய நாளிலிருந்து இருந்திருக்க வேண்டும்; அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அது பெஞ்சுக்கு," என்றாள்.